கரை இருக்கிற பக்கம் தாழ்வு

7 அக்டோபர் 2024, திங்கள்

புதுப் பூட்டு வாங்கினேன். பழையது துருப்பிடித்துப் போய், சாவியைப் போட்டால் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. கடைக்காரர், "ஒத்த ரூமுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய பூட்டு?" என்றார். ஒத்த ரூம்தான். ஆனால் என் ரூம்.

கந்தர்வக்கோட்டையில் பெலிக்ஸ் அண்ணன் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தேன். என் வீட்டுக்காரர் திருப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு அண்ணன்தான் வந்து கூட்டிக்கொண்டு போனது. சோற்றுக்கும் துணிக்கும் ஒரு குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில்தான் பாய். டிவி எப்போது அணைகிறதோ அப்போதுதான் எனக்கு ராத்திரி. அழுகை வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டும். இந்த வேலை கிடைத்து, திருக்கோகர்ணத்தில் இந்த மாடி ரூமை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலை இருக்கிற வரைக்கும்தான் ரூம். இதை மறந்துவிடாதே அருள்மணி.

ஆபீஸில் இன்று புது வேலை ஆரம்பம். ஏதோ ஒரு பாலைவன நாட்டில் ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் ஆறு, ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், அவற்றின் ஓரமாகப் பேரீச்சந்தோப்புகள், மற்றதெல்லாம் மணலும் கல்லும். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒட்டகத்தில் போய் அளந்து வரைந்த நிலப்படங்கள். அதே இடத்தை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மறுபடி வரைந்ததும் இருக்கிறது. ஸ்கேன் எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக அனுப்புகிறார்கள். நாங்கள் எட்டுப் பெண்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் கம்ப்யூட்டரில் கோடு இழுத்து, இது வாய்க்கால், இது பாதை, இது வீடு என்று பெயர் கொடுக்க வேண்டும். நான் வயதில் மூத்தவள், பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். அதனால் சரிபார்க்கும் வேலை எனக்கு.

நாட்டின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று விஸ்வநாதன் சார் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். டைரியும் வெளிதானே. எழுத மாட்டேன்.

சார் திருமயம் பக்கத்துக்காரர், இருப்பது சென்னையில். வாரம் ஒருமுறை வந்து போவார். "இந்த வருஷக் கடைசிக்குள்ள முதல் கட்டத்தைச் சரியாக் குடுத்துட்டா மூணு வருஷத்துக்கு வேலை இருக்கும்மா. இல்லைன்னா இந்த மாடியப் பூட்டிட்டுப் போயிர வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

10 அக்டோபர்

கண் எரிகிறது. எங்கே பார்த்தாலும் ஒரே பழுப்பு. பாலைவனத்தில் தொலைந்தவனுக்குக்கூட ராத்திரியில் நட்சத்திரம் இருக்கும். எனக்கு டியூப்லைட்.

16 அக்டோபர், புதன்

ஒரு சிக்கல். துண்டில் மேடு எது, பள்ளம் எது என்று தெரிவதில்லை. உயரத்தைக் காட்டும் கோடு ஒன்றோ இரண்டோ போகிறது, எண் இல்லை. எண் பக்கத்துத் துண்டில் இருக்கும், அது வேறொருத்தி கையில் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மட்டும் அனுமதி உண்டு. நேரம்தான் இல்லை.

இன்று வில்லாக வளைந்த மண்கரைகள் நிறைய வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வாய்க்கால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது என்னக்கா என்று பிள்ளைகள் கேட்டார்கள். புதுக்கோட்டையில் பிறந்துவிட்டு இதைக் கேட்கலாமா? கண்மாய்! தடுக்கி விழுந்தால் கண்மாயில் விழுகிற ஊர் நம் ஊர். மேட்டிலிருந்து வருகிற தண்ணீரைத் தாழ்ந்த பக்கம் கரை போட்டு நிறுத்துவது. அதற்கு ஏன் எண்? கரையைப் பார்த்தாலே சரிவு தெரிந்துவிடுமே.

வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: 'கரை இருக்கிற பக்கம் தாழ்வு.' கீழே இரண்டு கோடு. எங்களில் ஒருத்தி, நித்யா, அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வேலை ஓடியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

17 அக்டோபர்

உமா இருக்கிறாளே, அரிமளத்திலிருந்து வருகிறவள், எட்டுப் பேரில் சின்னவள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்வி.

"அக்கா, இந்த வாய்க்கா கரையோட முதுகுல வந்து முட்டுது. எந்த ஊர்லக்கா வரத்து வாய்க்கா கரையில வந்து முட்டும்?"

"அது வரத்து இல்லடி. மடையிலேருந்து வயலுக்குப் போற வாய்க்கா. வரலை, போகுது."

"அங்கிட்டு வயலே இல்லையேக்கா?"

"வெயில்ல காஞ்சு தரிசாப் போயிருக்கும். கோட்ட இழுன்னா கதைய இழுக்குற."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கோட்டை இழுத்தாள்.

1 நவம்பர்

தீபாவளி லீவுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நமக்குப் பண்டிகை இல்லையென்றாலும் பக்கத்து வீட்டுப் பலகாரம் எல்லாம் இங்கேதான் வந்து சேருகிறது. மதினி எனக்கென்று அதிரசம் எடுத்து வைத்திருந்தார்.

அண்ணன் பழைய பாட்டையே பாடுகிறான். "பேசாம இங்கிட்டே வந்துரு மணி. ஒத்தையில அங்க கெடந்து என்னத்துக்கு? படத்து மேல படம் போடுறதெல்லாம் ஒரு வேலையா?"

"ஒனக்கு முந்திரி, எனக்குப் படம். விடுண்ணே" என்றேன்.

பின்பக்க ரூமில் முந்திரிக்கொட்டை மூட்டைகள். வெளித் தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டு. கொட்டைக்கு ரூம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஹாலில் பாயை விரித்தேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் கிளம்பிவிட வேண்டும்.

8 நவம்பர்

இன்று ஆபீஸில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய படத்தில் அந்தக் கண்மாய்களுக்குள்ளே வீடுகள்! ஒன்றிரண்டு இல்லை, ஊர் ஊராக. "அங்கேயும் நம்ம ஆளுகதாங்கா, கண்மாய வளைச்சு பிளாட் போட்டுட்டாங்க" என்றாள் நித்யா. ஆக்கிரமிப்பு என்றால் உலகம் பூரா ஒரே சாதிதான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். இந்த வீடுகளைச் சும்மா வீடு என்று போடாமல், 'நீர்ப்பிடிப்புக்குள் கட்டிய வீடுகள்' என்று படத்தின் மேல் தனி அடுக்காகக் காட்டலாம் என்று. சார் உடனே எழுதி அனுப்பினார். எங்கள் வேலையைச் சரிபார்க்கும் வெளிநாட்டு அம்மா ஒருவர் இருக்கிறார், பெயர் வாயில் நுழையாது, அந்தம்மா என்றே வைத்துக்கொள்கிறேன். 'மிக நல்ல யோசனை' என்று பதில் போட்டிருக்கிறார்.

22 நவம்பர், வெள்ளி

பாதி வேலை அனுப்பினோம், பாஸ். அந்தம்மா எங்கள் தனி அடுக்கைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். சார் பால்கோவா வாங்கி வந்தார். "மிச்சப் பாதியும் இப்படியே போயிட்டா ஜனவரில மூணு வருஷத்துக்குக் கையெழுத்தும்மா" என்றார்.

மூன்று வருஷம். சுவருக்கு நானே வெள்ளை அடித்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்கார உண்ணாமலை ஆச்சியிடம் கேட்டேன். "ஒன் இஷ்டம்த்தா" என்றார். பச்சையா, வெளிர் மஞ்சளா?

3 டிசம்பர்

மஞ்சள்.

12 டிசம்பர், வியாழன்

நல்ல மழை. காலையிலிருந்தே ரோடு ஆறாக ஓடுகிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன்.

மத்தியானம் டீ குடிக்கக் கீழே இறங்கினால், மாடிப்படிக்குப் பக்கத்து டீக்கடை அடைக்கலம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நிற்கிறார். ரோட்டுத் தண்ணீர் கடைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வாசலைச் சுற்றி மண்ணையும் செங்கல் துண்டையும் போட்டு வில்லாக ஒரு கரை கட்டியிருந்தார். முதுகு ரோட்டுப் பக்கம், திறந்த பக்கம் கடைப் பக்கம். தண்ணீர் வந்து கரையின் முதுகில் முட்டி, இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

"டீயா? செத்த பொறுங்க. இந்தச் சாக்கடைக்காரனுகளுக்கு ஒரு நா இருக்கு" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

நான் டீ குடிக்கவில்லை. அப்படியே நின்றேன். வில், முதுகு, முட்டும் வாய்க்கால், உள்ளே ஆட்கள்.

ஐயோ.

13 டிசம்பர், வெள்ளி

காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், முப்பது துண்டுகளைப் பிரிண்ட் எடுத்துத் தரையில் ஒட்டினேன். முதல்நாளே செய்திருக்க வேண்டியது. என்னமோ கண்மாயைப் பெற்று வளர்த்தவள் மாதிரி பலகையில் எழுதிப் போட்டேனே!

ஒட்டி முடித்து நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு. எல்லா வில்லுக்கும் முதுகு மலைப் பக்கம். திறந்த பக்கம் ஆற்றுப் பக்கம். மலை மேடு, ஆறு தாழ்வு. அப்படியானால் கரை இருப்பது மேட்டுப் பக்கத்தில். எங்கேயோ எப்போதோ மழை பெய்தால் மலையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வரும். அதை முதுகால் தடுத்து இரண்டு பக்கமும் விலக்கிவிடுவதற்குத்தான் அந்தக் கரை. தண்ணீரை உள்ளே வைக்க அல்ல, வெளியே நிறுத்த. உள்ளே இருப்பது கண்மாய் இல்லை, ஊர். தொண்ணூறு வருஷப் படத்திலேயே உள்ளே கிணறும் கல்லறைகளும் இருக்கின்றன. யாராவது கண்மாய்க்குள் கல்லறை கட்டுவார்களா?

உமா வந்து பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "எறங்குங்கக்கா, விழுந்துரப் போறீங்க" என்றாள். அதுதான் சொன்னாள், வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"நீ அன்னிக்கே கேட்டடி. நாந்தான் ஒன்னையப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சேன்."

"விடுங்கக்கா. எனக்கும் கண்மாய்னுதான் தோணுச்சு. வாய்க்காதான் இடிச்சுது."

பலகையைத் துடைக்கப் போனேன். அழியவில்லை. நான் எழுதியது அழியாத மார்க்கரில்.

14 டிசம்பர், சனி

சார் வந்தார். தரையைச் சுற்றி நடந்து பார்த்தார். புரிந்துகொண்டார், புத்திசாலிதான். தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எத்தனை துண்டும்மா?"

"பாதிக்கு மேல, சார். ஓட்டம் எல்லாம் தலைகீழ். அந்த வீட்டு அடுக்கு முழுசும் தப்பு."

"அந்தம்மாவே பாஸ் போட்டாங்களே?"

"அவங்க கோடு கோட்டு மேல விழுந்திருக்கான்னு பாத்திருக்காங்க. அர்த்தத்தை நம்மள நம்பி விட்டுட்டாங்க."

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நான் பொய் சொல்லச் சொல்லலை. முப்பத்தொண்ணாந் தேதி குடுத்துருவோம். ஜனவரில கையெழுத்தாகட்டும். பெறகு நாமளே கண்டுபிடிச்ச மாதிரி திருத்தி அனுப்புவோம். இப்ப சொன்னா மறுபடி மொத்தமும் செய்யணும். நாள் தாண்டிப் போச்சுன்னா காண்ட்ராக்ட் போச்சு. எட்டுப் பேர் வேலை."

நியாயமாகத்தான் இருந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேன்.

15 டிசம்பர், ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்தும் உட்கார்ந்திருந்தேன். என்ன ஜெபித்தேன் என்று தெரியவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு மாசம்தானே. அந்த ஊர் அங்கேயேதானே இருக்கும்? என் கம்ப்யூட்டரில் கண்மாய் என்று எழுதினதால் அங்கே தண்ணீர் வந்து நிற்கப் போகிறதா?

ரூமுக்கு வந்து மஞ்சள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு கோட் அடித்தாயிற்று, இன்னொன்று பாக்கி.

16 டிசம்பர், திங்கள்

அந்தம்மாவிடமிருந்து வந்த கடிதத்தைச் சார் எனக்கும் அனுப்பியிருந்தார். சும்மா தகவல் மாதிரி எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கில் புதுக் கால்வாய் வரப் போகிறது. எந்த ஊருக்குத் தண்ணீர்ப் பங்கு என்பதை ஜனவரி ஆறாம் தேதி கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். நீர்ப்பிடிப்புக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பங்கு கிடையாது. அதற்கு எங்கள் தனி அடுக்கைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். 'உங்கள் குழுவின் யோசனை இவ்வளவு சீக்கிரம் பயன்படுவதில் மகிழ்ச்சி' என்று முடித்திருக்கிறார்.

மகிழ்ச்சி!

சாருக்கு ஃபோன் போட்டேன். "சார், ஜனவரி ஆறு. கையெழுத்துக்கு அப்பறம்னா காலம் போயிரும். அம்புட்டு ஊருக்கும் தண்ணி போயிரும் சார். என்னால."

"நம்மாலன்னு சொல்லுங்க" என்றார். "இன்னிக்கு ஒரு ராத்திரி யோசிங்கம்மா. நானும் யோசிக்கிறேன்."

என்ன யோசிக்க? யோசிச்சா என்ன வரும்? ஒத்த ரூமுக்காக ஊர் ஊரா ஆளுகள தண்ணி இல்லாம வைக்கவா? வைக்கவும் முடியாது, விடவும் முடியல. எம் பூட்டு, எஞ் சுவரு. நாப்பத்திமூணு வயசுல மறுபடி டிவி பக்கத்துல பாயா? மாதாவே, எனக்கு அழுகையா வருது. அழுதாச்சு. குழாயத் தொறக்காம.

17 டிசம்பர், செவ்வாய்

காலையில் சார் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அனுப்பிருங்க" என்றார். "ஆனா ஒண்ணு, தெரிஞ்சே அனுப்புங்க. இந்த மாடி போனாலும் போயிரும்."

"தெரியும் சார்."

உமா இங்கிலீஷைச் சரிபார்த்தாள். தரையில் ஒட்டிய படத்தை ஃபோட்டோ எடுத்துச் சேர்த்தோம். 'தவறு எங்களுடையது. எங்கள் ஊரில் வளைந்த கரை என்றால் குளம்தான். அந்தக் கண்ணோடு உங்கள் ஊரைப் படித்துவிட்டோம்' என்று எழுதினேன். எங்கள் என்று போட்டதை என்னுடையது என்று மாற்றினேன். உமா அதை மறுபடி எங்கள் என்று மாற்றி அனுப்பிவிட்டாள்.

18 டிசம்பர்

எல்லாத் துண்டையும் முதலிலிருந்து. நித்யா என்னிடம் பேசவில்லை. டிபன் நேரத்தில் கேட்டேவிட்டாள்: "ஒங்க மனசாட்சிக்கு எங்க வண்டி டியூவை யாருக்கா கட்டுறது?"

நறுக்கென்று ஏதாவது சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு?

ஆனாலும் வேலை செய்கிறாள். மற்றவர்களைவிட வேகமாகச் செய்கிறாள், கோபத்தில்.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. பூசைக்குப் போய்விட்டு நேரே ஆபீஸ். உமா தட்டு நிறைய அவள் வீட்டுக் குழிப்பணியாரம் கொண்டுவந்தாள். மூன்று பேர்தான் வந்தோம். மூன்றாவது ஆள் நித்யா. ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. பணியாரத்தை அவள் பக்கம் தள்ளினேன், எடுத்துக்கொண்டாள்.

31 டிசம்பர்

முடியவில்லை. முக்கால்வாசிதான் அனுப்பினோம். வீட்டு அடுக்கை மட்டும் முழுசாகத் திருத்திவிட்டோம். அதாவது அழித்துவிட்டோம். கடைசி வீட்டை நான்தான் அழித்தேன். அழித்ததும் சும்மா வீடு என்று பழைய இடத்திலேயே மறுபடி வரைந்தேன்.

9 ஜனவரி 2025

பதில் வந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அந்தம்மா நன்றி சொல்லியிருக்கிறார், இரண்டு தரம். எங்கள் கடிதம் கிடைத்ததும் கூட்டத்திலிருந்து அந்த அடுக்கை விலக்கிவிட்டார்களாம். அதற்குள் ஓர் ஊரில் தங்களுக்குத் தண்ணீர் கிடையாது என்ற செய்தி பரவி, ஜனங்கள் எல்லாரும் திரண்டு போய்க் கரை மேல் உட்கார்ந்துவிட்டார்களாம். இப்போது எல்லா ஊருக்கும் தண்ணீர்ப் பங்கு உண்டு என்று எழுதியிருக்கிறார். கரை மேல் உட்கார்ந்திருக்கும் அவர்களின் ஃபோட்டோவும் இருந்தது. பெண்கள்தான் முன்னால். ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேமராவை முறைக்கிறாள். என்னைத்தான் முறைக்கிறாள். முறைக்கட்டும், கோபம் வராதா?

கடைசிப் பத்தியில், இரண்டாம் கட்டத்தைப் பற்றி 'மேலிடம் பரிசீலிக்கிறது' என்றிருக்கிறது. பரிசீலனை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? டைவர்ஸ் வழக்கில் எனக்கும் பரிசீலனைதான் செய்தார்கள்.

14 ஜனவரி

பொங்கல் லீவு. இரண்டாவது கோட் மஞ்சள் அடித்து முடித்தேன். வாங்கி வைத்த பெயிண்ட் வீணாகக்கூடாது.

11 பிப்ரவரி

இரண்டாம் கட்டம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. எங்களுக்கு நாள் தவறியது ஒரு காரணம், தரம் இன்னொரு காரணம். சார் ஃபோனில் சொன்னார், திட்டவில்லை. "மார்ச் வரைக்கும் மத்த சின்ன வேலைய வச்சு ஓட்டுவோம்" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஏழு பேரிடமும் நானே சொன்னேன். ஒருத்தி அழுதாள். நித்யா, "தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாள், எனக்கும் சேர்த்து.

29 மார்ச், சனி

ஆபீஸ் மூடினோம். கம்ப்யூட்டர்களைச் சார் சென்னைக்கு ஏற்றிவிட்டார். பழைய லேப்டாப் ஒன்றை என்னிடம் கொடுத்து, "வச்சுக்கங்க, எனக்கு ஆகாது" என்றார். சுவரில் வெள்ளைப் பலகை மட்டும் பாக்கி. 'கரை இருக்கிற பக்கம் தாழ்வு' இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அடைக்கலம் அண்ணன் கடை விலைப் பட்டியல் எழுத அதைக் கேட்டார், கொடுத்துவிட்டோம். உமா அவரிடம், "இதுக்கு மேலயே எழுதிக்கங்கண்ணே, அது போகாது" என்றாள்.

உமாவுக்குத் திருச்சியில் இதே மாதிரி வேலை கிடைத்துவிட்டது. நித்யா ஜவுளிக்கடைக்குப் போகிறாள். எனக்கு இங்கே மூன்று இடத்தில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதுக்கு மரியாதை அவ்வளவுதான்.

6 ஏப்ரல், ஞாயிறு

இதை எழுதவே கை வரவில்லை. நானே அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணே, அங்கிட்டு வந்துரவா?"

"இதென்ன கேள்வி, கிறுக்கி? எப்ப வண்டி கொண்டாரணும்னு சொல்லு."

காரணம் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், முழுசாக. கரை, ஊர், கடிதம் எல்லாம். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில், "அப்ப அந்தச் சனங்களுக்குத் தண்ணி கெடச்சிருச்சுல்ல?" என்றான்.

"கெடச்சிருச்சுண்ணே."

"அப்பறம் என்ன?"

அப்புறம் என்னவா? அப்புறம்தான் பாய் இருக்கிறது. அதை அவனிடம் சொல்ல முடியுமா? ஆனால் சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷமாகச் சொல்லாததை ஃபோனில் சொல்லிவிட்டேன். "ஹால்ல படுக்க முடியாதுண்ணே. எனக்கு ஒரு கதவு வேணும்."

அவன் மதினியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது, ஃபோன் கட்டாகிவிட்டது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஆச்சியிடம் சாவியைக் கொடுத்தேன். பூட்டு என்னுடையது, கழற்றிக்கொண்டேன். "சுவரு நல்லாருக்குத்தா, இப்படியே விடுறேன்" என்றார். லோடு ஆட்டோவில் என் சாமான் பாதிகூட நிரம்பவில்லை.

பின்பக்க ரூமில் மூட்டை ஒன்றுகூட இல்லை. கழுவிவிட்டு, கட்டில் போட்டு, ஜன்னலுக்கு மதினியின் பழைய சேலையில் திரை. கொட்டை வாசம் போகவில்லை. புது அறுவடை வந்தால் மூட்டையை எங்கே வைப்பான் என்று பார்த்தேன். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பலகை போட்டு வைத்திருக்கிறான்.

ராத்திரி கதவைச் சாத்தப் போனபோதுதான் கவனித்தேன், தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. மூட்டை வைக்கிற ரூம் அல்லவா. உள்ளே ஒன்றுமில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இம்புட்டுச் செஞ்சேன், அதப் பாக்கலையே" என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

22 ஏப்ரல்

உமா திருச்சியிலிருந்து ஃபோன் போட்டாள். அவள் கம்பெனியில் பழைய படங்களைச் சரிபார்க்க ஆள் இல்லையாம், வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். "துண்டு துண்டா அனுப்ப மாட்டோம்க்கா, முழுசாவே அனுப்புறோம்" என்றாள். வாலு.

26 ஏப்ரல், சனி

ஆசாரி சிவசாமி காலையில் வந்தார். வெளித் தாழ்ப்பாளைக் கழற்றினார். கழற்றிவிட்டுப் பழக்கதோஷத்தில், "இதுக்குப் பதிலா வெளிய புதுசு ஒண்ணு போட்ரவா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"வெளிய ஒண்ணும் வேணாம். உள்ள போடுங்க. நல்லதாப் போடுங்க" என்றான் அண்ணன்.

இதை என் ரூமுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். ஹாலில் டிவி ஓடுகிறது, ஓடட்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மதினி. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் என்னைக் கூப்பிடுவதற்கு யாரும் எதையும் தட்டியதில்லை.

"மணி, சாப்புட வாரியா, செத்த நேரம் ஆகுமா?"

"செத்த நேரம் ஆகும் மதினி."

"சரி, மூடி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.